கடலை ஜாடிக்குள் வைத்த கணக்குப்பிள்ளை

போடியில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுத என்ன இருக்குன்னு நீங்க கேட்பது நியாயம்தான். நம்ம ஊருக்கு மேற்கே மலை, மேலே போனால் ஏலத்தோட்டம், கீழே வந்தால் ஏலக்காய் ஏலம். ராமேஸ்வரம் கடலைப் பார்க்கணும்னா மதுரை வழியாக 250 கிலோமீட்டருக்கு மேல் போகணும். ஆனாலும் ஹாஸ்டலிலும் டவுனிலும் கடல்நீர்த் தொட்டி ஆசை ஒரு காய்ச்சல் மாதிரி சுத்திக்கிட்டிருக்கு. நல்ல தண்ணித் தொட்டியில் கோல்டு ஃபிஷ், ஃபைட்டர் எல்லாம் வளர்த்து அலுத்தவன் அடுத்துக் கேட்பது கோமாளி மீனும், அது குடியிருக்கும் கடல் சாமந்தியும்தான். வீடியோவில் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

கடலே இல்லாத ஊரில் கடல் சாமந்தி வளர்க்கும் இந்த யோசனை புதுசு என்று நினைத்தால் தப்பு. 170 வருஷத்துக்கு முன்னாலேயே லண்டனில் ஒருத்தர் இதைச் செய்து, புத்தகம் எழுதி, ஒரு நாட்டையே பைத்தியமாக்கியிருக்கார். பெயர் பிலிப் ஹென்றி காஸ். எல்பிஜி காஸ் இல்லை, ஆள் பெயர். அக்வேரியம் என்ற சொல் இன்று உங்க வாயில் வருவதற்குக் காரணமே அவருடைய 1854-ஆம் வருஷப் புத்தகம்தான். அதுக்கு முன்னால் ஆளாளுக்கு விவேரியம், அக்வா விவேரியம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாங்க.

காஸ் 1810 ஏப்ரல் 6-ஆம் தேதி இங்கிலாந்தின் வொர்ஸ்டரில் பிறந்தவர். அப்பா ஊர் ஊராய்ப் போய்ச் சின்னச் சின்ன உருவப்படம் வரைந்து பிழைத்த ஓவியர். வீட்டில் காசு கிடையாது. வளர்ந்தது பூல் என்ற துறைமுக ஊரில். அங்கே இருந்த சூசன் பெல் என்ற அத்தைதான் பையனுக்கு முதல் வாத்தியார். புழு எப்படிப் பட்டாம்பூச்சி ஆகிறது என்று காட்டியதும், பாறையில் ஒட்டியிருக்கும் கடல் சாமந்தியைப் பிய்த்துவந்து கடல்நீர் ஊற்றிய பாத்திரத்தில் போட்டு வைத்துப் பாருடா என்று சொல்லிக்கொடுத்ததும் அந்த அத்தைதான். பெரிய விஞ்ஞானி யாரும் கிடையாது. எந்த அறிவியல் வரலாற்றை எடுத்தாலும் இப்படி ஒரு அத்தை எங்கேயாவது ஒளிஞ்சிருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

15 வயசில் படிப்பு முடிஞ்சுபோச்சு. வணிகக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. 1827-இல் இன்னொரு கம்பெனியின் குமாஸ்தாவாக அட்லாண்டிக் தாண்டி நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனார். காட் மீனும் சீல் தோலும் வியாபாரமாகும் குளிர் தேசம். நம்ம ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை இருப்பார் இல்லையா, பேரேடு, கூலிக்கணக்கு, மூட்டைக் கணக்கு என்று? அந்த மாதிரி வேலை. கல்லூரி வாசலை மிதிக்காத அந்தக் கணக்குப்பிள்ளை, 1832-இல் நுண்ணோக்கி பற்றிய ஒரு பழைய புத்தகத்தை வாங்கினார். அன்றிலிருந்து கணக்குப் பேரேட்டுக்குப் பக்கத்தில் பூச்சிப் பேரேடும் ஓட ஆரம்பித்தது. பார்த்ததை எல்லாம் எண்ணி, அளந்து, வரைந்து வைப்பார். பின்னாளில் சாமந்தியின் விரல்களை வரிசை வரிசையாக எண்ணிய ஆளுக்கு இதுதான் ட்ரெயினிங்.

நடுவில் சில வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். கனடாவில் விவசாயம் செய்தார், நட்டம். 1838-இல் அமெரிக்காவின் அலபாமாவில் பருத்தித் தோட்டக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆசிரியர். அங்கே அடிமைகள் நடத்தப்பட்ட விதத்தைத் தாங்க முடியாமல் அடுத்த வருஷமே ஊர் திரும்பினார். திரும்பும் கப்பலில் முதல் புத்தகத்தை எழுதினார். 1844-இலிருந்து ஒன்றரை வருஷம் ஜமைக்காவில் பறவைகள் சேகரித்தார். 1848-இல் எமிலி பௌஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அடுத்த வருஷம் மகன் எட்மண்ட் பிறந்த அன்று அவர் டைரியில் இரண்டே செய்திகள்: மனைவிக்கு மகன் பிறந்தது, ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே பதிவில், ஒரே தொனியில். ஆள் எப்படின்னு இதிலேயே தெரியுது இல்லையா?

இப்போது தொட்டிக்கு வருவோம். 1852-இல் உடம்பு கெட்டு, காற்று மாறட்டும் என்று டெவன் கடற்கரைக்குப் போனார். அலை வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளில் கடல் தேங்கி நிற்கும். அதற்குள் குனிந்து பார்த்தவர் சின்ன வயசு அத்தை பாடத்துக்கே திரும்பிவிட்டார். உளியும் சுத்தியலும் எடுத்துப் பாறையோடு பெயர்த்து, ஜாடியில் போட்டு, மேஜையில் வைத்து நாள்கணக்கில் பார்த்தார். ஒரு வகைச் சாமந்தியை வேகவைத்தும் பொரித்தும் தின்றுகூடப் பார்த்திருக்கார். ருசியாக இருந்ததாம். தயவுசெய்து நீங்க முயற்சி பண்ணாதீங்க, கொட்டும் செல் உள்ள பிராணி அது.

1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறந்தபோது, அதற்கு உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் காஸ் முக்கியமானவர். அவர் மட்டும்தான் முன்னோடி என்று சொன்னால் அது அநியாயம். அன்னா தைன் என்ற பெண்மணி 1846-லேயே டார்க்கி கடற்கரையிலிருந்து உயிர்ப் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். அவர் வீட்டில் ஏர் பம்ப் எது? ஜன்னலோரம் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குக் கடல்நீரைத் தினமும் ஆற்றிக்கொண்டே இருந்த வேலைக்காரப் பெண். டீக்கடை மாஸ்டர் ஆற்றுவது மாதிரி, ஆனால் முக்கால் மணி நேரம்! ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850-இல் செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கும் என்று காட்டினார். காஸ் செய்தது, இதையெல்லாம் யாரும் வீட்டில் செய்துபார்க்கும்படி எழுதியது. 1845-இல் கண்ணாடி மீதான வரியை எடுத்துவிட்டதால் கண்ணாடி மலிந்திருந்தது, ரயில் வந்திருந்தது, ஜாடியில் போட்ட சாமந்தி கடற்கரையிலிருந்து லண்டனுக்கு உயிரோடு வந்தது. நம்ம ஊருக்கு 1928-இல் ரயில் வந்தது ஏலக்காயை இறக்குவதற்கு. அவங்க ஊரில் சாமந்தியை ஏற்றினாங்க.

ரயில் வந்தாலும் ஒரு பிரச்சினை தீரவில்லை. தண்ணி. லண்டனில் கடல்நீர் வேணும்னா தேம்ஸ் முகத்துவாரம் தாண்டிப் போகும் கப்பல்காரர்களிடம் சொல்லிவைத்து, பீப்பாயில் கொண்டுவரச் செய்யணும். 1854-இல் காஸ் வேதியியல் புத்தகத்தில் கடல்நீரின் பகுப்பாய்வு அட்டவணையைப் பார்த்து ஒரு முடிவு எடுத்தார். அளவில் ரொம்பக் கம்மியாக இருந்தவற்றையும் சுண்ணாம்பு உப்புகளையும் விட்டுவிட்டு நாலே நாலு உப்பு: சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. நம்ம கணக்கில் சொன்னால் சுமார் நாலரை லிட்டர் தண்ணிக்குச் சாதாரண உப்பு ஏறக்குறைய 100 கிராம், எப்சம் 7, மெக்னீசியம் குளோரைடு 13, பொட்டாசியம் குளோரைடு இரண்டரை. அவ்வளவுதான். கலக்கினதும் பிராணியைப் போடலை. முதலில் பாசி ஒட்டிய கற்களைப் போட்டு, சில நாள் அப்படியே விட்டு, அப்புறம்தான் சாமந்திகளை இறக்கினார். உயிரோடு இருந்தன.

அந்தக் காத்திருப்பில்தான் விஷயம் இருக்கு. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா இருக்குன்னு அப்போது யாருக்கும் தெரியாது. அது தெளிவாக நிரூபணமானது காஸ் செத்த பிறகு. பாசி ஆக்ஸிஜன் கொடுக்கும் என்று நம்பிக் கல்லைப் போட்டார். கல்லோடு பாக்டீரியாவும் வந்தது. இன்று சைக்கிளிங் என்று நீங்க சொல்வதன் கொள்ளுத்தாத்தா அதுதான். இன்றைய தொட்டிக்காரர்கள் சாமந்தி வாங்குவதற்கு முன் தொட்டிக்கு ஆறு மாசமாவது ஆகியிருக்கணும் என்பாங்க. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்கணும், உப்பு லிட்டருக்கு 35 கிராம் ஒட்டி அசையாமல் இருக்கணும், பிஎச் 8.1-க்கும் 8.4-க்கும் நடுவில். மீனாவது கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும். சாமந்தி பண்ணாது. முக்கால்வாசித் தண்ணியாலான உடம்பு, தோலுக்கு வெளியே என்ன நடந்தாலும் உள்ளேயும் நடக்கும்.

போடிக்கு இதை இறக்கிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் சிக்கல். போர் தண்ணியில் நேரா உப்புக் கலக்க முடியாது, ஆர்ஓ தண்ணி வேணும். ஏப்ரல், மே வெயிலில் மூடிய அறையில் தொட்டித் தண்ணி 30 டிகிரியைச் சாதாரணமாத் தாண்டும். வெப்பமண்டலச் சாமந்திக்கு 24 முதல் 27 வரைதான் நிம்மதி. 30-க்கு மேலே போய் அங்கேயே நின்றால், அதன் உடம்புக்குள் குடியிருந்து வெளிச்சத்தில் சோறு சமைத்துக் கொடுக்கும் நுண்பாசி வெளியேறிவிடும். சாமந்தி வெளுத்துவிடும். வெளுத்த வெள்ளையைப் பார்த்து, என்ன அழகு என்று கூடக் காசு கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. அது பசியில் இருக்கும் பிராணி. போடிமெட்டுக்கு மேலே, 1,300 மீட்டருக்கும் மேல் உயரத்தில் வீடு இருப்பவருக்கு நிலைமை நேரெதிர். டிசம்பர் ராத்திரிக்கு ஹீட்டர் வேணும். இரண்டு இடத்திலும் பொதுவானது கரண்ட் கட். நாலு மணி நேரம் பம்ப் நின்றால் தண்ணியில் ஆக்ஸிஜன் தீர ஆரம்பிக்கும். ட்ரிபிள் ஈ நண்பர்கள் யாராவது ஒரு பேட்டரி பேக்கப் செய்துகொடுத்தால் புண்ணியம். இல்லைன்னா அன்னா தைன் வீட்டு முறைதான்.

காஸின் வாழ்க்கைக்குத் திரும்புகிறேன், ஏன்னா அடுத்த பகுதி லேசானது இல்லை. 1854 புத்தகம் நன்றாக விற்றது. 1856-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. கல்லூரிப் படி ஏறாத கணக்குப்பிள்ளைக்கு அது சின்ன விஷயமா? அதே வருஷம் எமிலிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று ஒரு அமெரிக்க வைத்தியரின் களிம்புச் சிகிச்சைக்குப் போனார்கள். மாதக்கணக்கில் தாங்க முடியாத வலி. 1857 பிப்ரவரியில் எமிலி இறந்தார். எட்மண்டுக்கு ஏழு வயசு.

அந்த வருஷக் கடைசியில் காஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார், பெயர் ஓம்ஃபலோஸ். கிரேக்கத்தில் தொப்புள் என்று அர்த்தம். அவர் ஆழ்ந்த பக்திமான், பைபிளில் உள்ளது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று நம்பியவர். புவியியலோ பூமிக்கு மிகப் பெரிய வயசு என்று காட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்க்க அவர் கண்ட வழி இது: கடவுள் ஒரு மரத்தைத் திடீரென்று படைத்தால் அதற்குள் ஆண்டு வளையம் இருந்தாகணும், தாய் இல்லாத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும். அதுமாதிரி பூமியும் பழசான அடையாளங்களோடே, புதைபடிவங்களோடே படைக்கப்பட்டது. இரண்டு பக்கமும் தன்னைப் பாராட்டும் என்று நம்பினார். இரண்டு பக்கமும் சிரித்தது. அவருடைய நண்பர், பாதிரியாரும் எழுத்தாளருமான சார்லஸ் கிங்ஸ்லியாலேயே, கடவுள் பாறையில் பொய் எழுதிவைத்திருப்பார் என்பதை ஏற்க முடியவில்லை. விற்காத பிரதிகள் பழைய பேப்பர் விலைக்குப் போயின.

அந்த வாதம் தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். எந்த ஆதாரம் வந்தாலும் மடக்கிப் போட்டுக்கொள்ளும் தியரியைச் சோதிக்கவே முடியாது. சோதிக்க முடியாததை வைத்துக்கொண்டு நம்ம லேபில் என்ன செய்வது? ஆனால் அதன் பிறகு அவர் செய்ததைப் பாருங்க. மனைவி போயாச்சு, பெயர் போயாச்சு. ஏழெட்டு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு டார்க்கி பக்கத்தில் செயின்ட் மேரிசர்ச் என்ற ஊருக்குக் குடிபோனார். தினமும் கடலில் இறங்கினார், இடுப்பளவு தண்ணியில், சில நாள் மார்பளவில். கையில் ஜாடி, பக்கத்தில் மகன். 1858 முதல் பகுதி பகுதியாக வந்து 1860-இல் முழுசானது ஆக்டினாலஜியா பிரிட்டானிகா. பிரிட்டன் கடலில் உள்ள கடல் சாமந்திகள், பவளங்கள் அத்தனைக்கும் ஒரு பேரேடு, வண்ணப்படங்கள் அவர் கையால் வரைந்தவை. 1859 ஜூனில் ஒன்பது வயசு எட்மண்ட் ஒரு பாறைக் குழியிலிருந்து எடுத்துக் காட்டிய குட்டிச் சாமந்தி, அதுவரை பிரிட்டனில் யாரும் பதிவு செய்யாத வகையாக இருந்தது. இறுக்கமான அந்த அப்பா அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் நம்புறேன்.

அடையாளம் காணும் அவருடைய முறை இன்றும் வேலை செய்யும். நிறத்தை நம்பாதே, அதுதான் முதல் விதி. ஒரே இனம் சிவப்பாக, பச்சையாக, பழுப்பாக வரும். பதிலா அடியிலிருந்து ஆரம்பிக்கணும். கால் பாறையில் ஒட்டியிருக்கா, மணலில் புதைஞ்சிருக்கா? உடல் வழவழப்பா, பரு பருவாக இருக்கா? விரல்கள் எத்தனை சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை? தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளுதா, முடியாமல் அப்படியே நிற்குதா? சீண்டினால் உடம்பிலிருந்து வெள்ளை நூல் எறியுதா? அந்த நூலுக்கு அகோன்ஷியா என்று பெயர் வைத்தவரும் காஸ்தான். விரலடியில் நீல மணி கோத்த மாதிரி இருப்பதற்கு மணியைச் சேர்த்து ஒரு செல்லப் பெயர், மூடிக்கொள்ள முடியாததற்கு திறந்திருப்பதைச் சொல்லி ஒரு பெயர் என்று வீட்டுப் பெயர்களும் அவர் வைத்திருக்கார்.

இதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனீங்கன்னா, விரல் நுனியில் குமிழ் இருந்து, கால் பாறை இடுக்கில் ஒளிந்திருந்தால் அது குமிழ்நுனிச் சாமந்தி, என்டக்மியா குவாட்ரிகலர். குமிழ் சில நேரம் மறைந்துபோகும், அதனால் காலையும் பாருங்க. குட்டையான விரல்கள் நெருக்கமாக, கம்பளம் விரித்த மாதிரி, மணலில் கால் புதைந்திருந்தால் ஸ்டிக்கோடாக்டிலா ஹடோனி. மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கம் நம்ம கடலிலேயே இருக்கு. நல்லா வளர்ந்தால் அரை மீட்டருக்கு மேல் விரியும், சும்மா வந்த மீனையும் பிடித்து விழுங்கும். உங்க இரண்டடித் தொட்டியில் அதை வைக்கிறது ஹாஸ்டல் ரூமில் யானை வளர்க்கிற மாதிரி. கோமாளி மீன் குடியேறும் சாமந்தி இனம் உலகத்திலேயே பத்துதான். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் இருந்தால் சாயம் ஏற்றியிருக்கலாம், விட்டுட்டு வாங்க. வாய் பிளந்து தொங்கினாலும், காலில் கிழிசல் இருந்தாலும் அப்படியே. தொட்டியில் பம்ப் வாயை வலை போட்டு மூடுங்க, இடம் பிடிக்காவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக நடந்துபோய் அதில் மாட்டிக்கும். மீனுக்குத் தாமிர மருந்து ஊற்றினால் சாமந்தி காலி.

எல்லாம் சரியாகச் செய்தால் எவ்வளவு நாள் இருக்கும்? ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் 1828-இல் பிடித்த ஒரு சாமந்தியை ஒரு கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். தண்ணி மாற்றுவதைத் தவிர பெரிசா எதுவும் செய்யலை. அவர் 1851-இல் இறந்த பிறகு கைமாறிக் கைமாறி, பாட்டி என்று பெயர் வாங்கி, நூற்றுக்கணக்கில் குட்டி போட்டு, 1887-இல்தான் செத்தது. பத்திரிகையில் இரங்கல் வந்தது! இதை நினைவில் வைத்துக்கொண்டு, வாங்கிய சில மாசத்தில் செத்துப்போகும் சாமந்திகளைப் பற்றி யோசிங்க.

காஸ் கிளப்பிய காய்ச்சலுக்கு வருவோம். அவர் புத்தகத்தைப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் கூடையும் உளியும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினார்கள். அவரே கட்டணம் வாங்கி அலையோரத்தில் வகுப்பு எடுத்திருக்கார். லண்டனில் சாமந்தி விற்கவே கடை வந்தது. கடைக்காரர் ஆல்ஃபோர்ட் லாய்ட் பிற்பாடு பெரிய காட்சியகங்கள் கட்டினார். அடியில் இருட்டான பெரிய நீர்த்தேக்கம், மேலே தொட்டி, நடுவில் ஓயாமல் சுற்றும் தண்ணி. இன்றைய சம்ப் அதே டிசைன். ஆனால் பத்து இருபது வருஷத்துக்குள் டெவன் பாறைக் குழிகள் வெறுமையாகிவிட்டன. மகன் எட்மண்ட் 1907-இல் அப்பாவைப் பற்றி எழுதிய புத்தகத்தில், காலங்காலமாக யாரும் தொடாமல் இருந்த அந்தக் குழிகளை நல்லெண்ணத்தோடு வந்த கூட்டம் அள்ளிச் சுரண்டியதையும், அதற்குத் தான் காரணமாகிவிட்டோமே என்று அப்பா வருந்தியதையும் சொல்கிறார். நேசித்ததை ஊருக்குக் காட்டினார், ஊர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நம்ம பக்கம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பவளத்தைத் தொட்டால் வனவிலங்குச் சட்டம் பாயும். சாமந்தி ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் அந்தப் பாறையில்தான். பாட்டி கதையில் பார்த்த மாதிரி தன் இடத்தில் பல பத்தாண்டு இருக்கக்கூடிய உயிர், பிடுங்கினால் அந்த இடத்தில் இன்னொன்று வர வருஷங்கள் ஆகும், அதோடு இருந்த கோமாளி மீனுக்கும் வீடு போச்சு. அதனால் என் கருத்தைச் சொல்லிடறேன். வளர்த்தே தீரணும்னா, தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகிய குமிழ்நுனிச் சாமந்தியைக் கேட்டு வாங்குங்க. இன்னொரு வளர்ப்பாளரிடம் இருந்து வந்ததுன்னு தெரியணும். பிளவு மூலம் பெருகுவது அந்த இனத்துக்கு இயல்பு. கடலில் பிடித்ததுன்னா வேண்டாம். பார்க்க மட்டும் ஆசைன்னா மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம் இருக்கு. சென்னை மெரினாவில் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் 1909-இல் திறந்த காட்சியகம் இரண்டாம் உலகப் போரில் மூடிப்போகாமல் இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

காஸ் 1860-இல் எலைசா பிரைட்வெனை மறுமணம் செய்துகொண்டார். பிறகு ஆர்க்கிட் வளர்த்தார், சக்கர நுண்ணுயிரிகளைப் பற்றி 76 வயசில் பெரிய புத்தகம் கொண்டுவந்தார், கடைசியில் தொலைநோக்கி வாங்கினார். குளிர்கால ராத்திரி ஒன்றில் ஜன்னலைத் திறந்துவைத்து நட்சத்திரம் பார்த்ததில் நெஞ்சில் சளி கட்டி, அதிலிருந்து தேறவே இல்லை. 1888 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இறந்தார்.

அவர் வைத்த பெயர்களில் ஒன்று உங்க தொட்டிக்கும் வரும், நீங்க கேட்காமலேயே. 1858-இல் ஒரு பேரினத்துக்கு அய்ப்டேசியா என்று பெயர் வைத்தார். கடையில் வாங்கும் கல்லின் இடுக்கில் பழுப்பு நிறத்தில், பனைமரக் குட்டி மாதிரி, அரை அங்குலத்தில் உட்கார்ந்திருக்கும். அழகா இருக்கேன்னு விட்டால் இரண்டு மாசத்தில் தொட்டி முழுக்க அதுதான். கத்தியால் வெட்டினால் விழுந்த துண்டெல்லாம் புதுசா முளைக்கும். வெட்டாதீங்க. பெப்பர்மின்ட் இறால் நாலு வாங்கி விடுங்க, ராத்திரியில் அது பார்த்துக்கும்.